சேவகன் வேஷம்

ஹாலிவுட் படங்களின்மேல் அபிமானம் வைத்திருந்தவர்கள் என் தலைமுறையில் எத்தனையோ பேர். கிளார்க் கேபிளைப்போல் மீசையைக் கத்தரித்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தவர்களையும், எர்ரால் ஃப்ளின்னின் கத்திச் சண்டையைப் பார்த்துவிட்டு மறுநாள் மாடிப்படியில் குடைக்கம்பைச் சுழற்றிப் பெரியவர்களிடம் வசவு வாங்கியவர்களையும், கிரேட்டா கார்போவின் படத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பரீட்சையில் கோட்டை விட்டவர்களையும் நான் நன்றாக அறிவேன். அவர்களோடு சேர்ந்து நானும் அதே படங்களைத்தான் பார்த்தேன். ஆனால் என் மனசு போய்த் தங்கிய இடம் வேறு. கதாநாயகனும் நாயகியும் கைகோத்து நிற்கையில் அவர்களுக்குப் பின்னால் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிற பட்லர், கோர்ட்டுக் காட்சியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தவாறே சாட்சி சொல்கிற கிழவர், கதாநாயகனின் தாயாராக வந்து இரண்டு நிமிஷம் கண்ணீர் விட்டுவிட்டுப் போகிற அம்மாள் ஆகிய இவர்களைத்தான் நான் தேடித் தேடிப் பார்த்தேன். படத்தின் ஆரம்பத்தில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்து, எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் மறைந்துவிடுகிற அந்தப் பெயர்களைப் பிடித்து வைத்துக்கொள்வதே என் பாலியப் பிராயத்தின் பெரிய பிரயத்தனமாக இருந்தது என்று சொன்னால் இப்போது கேட்பவர்கள் சிரிக்கக்கூடும்.

இந்தப் பித்தை எனக்கு ஏற்றிவிட்டவர் என் சித்தப்பா. மதுரையில் ரயில்வே குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த அவர், சம்பளம் வாங்கிய அன்று வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு படம் பார்த்துவிட்டுத்தான் வருவார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள விக்டோரியா எட்வர்ட் மன்றக் கட்டடத்தில் நடந்துவந்த ரீகல் டாக்கீஸில் இங்கிலீஷ் படங்கள் ஓடின. வாசகசாலையும் சினிமாவும் ஒரே கட்டடத்தில் இருந்தபடியால், பத்திரிகை படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படம் பார்த்து வருவது முழுப் பொய்யாகாது என்பது சித்தப்பாவின் கட்சி. கொஞ்சம் வளர்ந்த பிறகு அந்தப் பாதிப் பொய்யில் என்னையும் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார்.

சித்தப்பா அதற்கு முன்பு நாடகப் பைத்தியமாக இருந்தவர். பாய்ஸ் கம்பெனி நாடகங்களை விடிய விடியப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. ஆகவே இங்கிலீஷ் படத்தையும் நாடகம் பார்க்கிற முறையிலேதான் பார்ப்பார். "டேய், ராஜா வேஷக்காரனை ஊரே பார்க்கும். நீ அவன் பக்கத்தில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அந்தச் சேவகன் வேஷக்காரனைப் பார். அவன் கொட்டாவி விடாமல் நின்றானானால் அது நல்ல கம்பெனி" என்பார். நாடகத்துக்காகச் சொல்லப்பட்ட இந்த லக்ஷணம் ஹாலிவுட்டுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அந்த வயதில் நான் எங்கே அறிந்தேன்? அமெரிக்கர்கள் பேசுகிற இங்கிலீஷ், பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷுக்குத் தூரத்து உறவுகூட இல்லாததுபோல் காதில் விழுந்ததனால், வசனத்தை விட்டுவிட்டு முகங்களைப் பிடித்துக்கொள்வதுதான் எங்களுக்கு வழி. நட்சத்திரங்களின் முகமோ பெரும்பாலும் அழகாக இருப்பதோடு சரி. விஷயம் முழுவதும் பக்கத்தில் நிற்பவர்களுடைய முகத்தில்தான் எழுதியிருக்கும்.

முதன்முதலில் எனக்கு இது தெளிவாக விளங்கியது 'ஸ்டேஜ்கோச்' பார்த்தபோது. ஜான் ஃபோர்டு 1939-இல் எடுத்த அந்தப் படத்தில், பாலைவனத்தின் நடுவே ஜான் வேய்ன் துப்பாக்கியைச் சுழற்றிக்கொண்டு நிற்க, காமிரா அவர் முகத்தை நோக்கி விரைந்து செல்கிற இடத்தில் தரை டிக்கெட்டு முழுவதும் எழுந்து சீழ்க்கை அடித்தது. நானும் அடித்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்புகையில் என் மனசில் நின்றவர் அந்தக் குதிரைவண்டியின் மூலையில் உட்கார்ந்திருந்த குடிகார டாக்டர். ஊரைவிட்டே விரட்டப்பட்டவர் அவர். எதிரே பயந்த சுபாவமுள்ள ஒரு சிறிய மனிதர். பாதிரியார்போன்ற தோற்றம், தொழிலோ விஸ்கி வியாபாரம். அவர் வைத்திருக்கும் மாதிரிப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த மாத்திரத்தில் டாக்டரின் முகத்தில் உண்டாகிற வாத்ஸல்யம் இருக்கிறதே, பெற்ற பிள்ளையைப் பல வருஷம் கழித்துப் பார்த்த தகப்பனிடம்கூட அதைக் காண முடியாது. குளிருக்கு அடக்கமாய்ப் போர்த்துவிடுவதும், தோளைத் தட்டிக்கொடுப்பதும், பெட்டியை மட்டும் தம் மடியில் வாங்கி வைத்துக்கொள்வதுமாக அவர் காட்டுகிற பரிவுக்கு நடுவே புட்டிகள் ஒவ்வொன்றாய்க் காலியாகிக்கொண்டு வரும்.

பிறகு நடுவழிச் சத்திரத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டுவிடுகிறது. வேறு வைத்தியர் கிடையாது. நிற்கவே முடியாமல் தள்ளாடுகிற இந்த மனிதர் காப்பி கேட்கிறார். பால் இல்லாத கறுப்புக் காப்பியைக் கோப்பை கோப்பையாக விழுங்கிக் குடித்ததையெல்லாம் வெளியே கொண்டுவந்து, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு அவர் நிமிர்கிறபோது, சற்றுமுன் நாம் பார்த்துச் சிரித்த ஆள் அங்கே இல்லை. தொழில் தெரிந்த ஒரு டாக்டர் நிற்கிறார். முடிவில் எதிரியின் கையிலுள்ள பெரிய துப்பாக்கியை, தாம் நிராயுதபாணியாக நின்றுகொண்டே கீழே வைக்கச் செய்கிற இடம் ஒன்று உண்டு. அந்தப் போக்கிரி வெளியே போன பிறகுதான் அவருக்கு நடுக்கம் காண்கிறது. இனிமேல் இம்மாதிரிக் காரியம் செய்ய என்னை விடாதே என்று சொல்லிக்கொண்டு மதுக்கிண்ணத்தை எடுக்கிறார். வீரம் என்பது முன்னால் வருவது, பயம் என்பது பின்னால் வருவது என்று அந்த ஒரு கணத்தில் காட்டிவிட்ட நடிகர் யார் என்று சித்தப்பாவைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. நடிகர் தாமஸ் மிச்சல் என்பதும், அந்த வேஷத்துக்காக அவருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது என்பதும், எதிரே உட்கார்ந்திருந்த விஸ்கி வியாபாரி டொனால்ட் மீக் என்பதும் பிற்பாடு நான் பத்திரிகைகளைத் துழாவிக் கண்டுபிடித்தவை.

மிச்சலைப் பற்றி இன்னொரு விசேஷத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த 1939 என்ற ஒரே வருஷத்தில் அவர் நடித்து வெளிவந்த படங்கள் ஐந்து. 'ஸ்டேஜ்கோச்' ஒன்று, 'கான் வித் த விண்ட்' படத்தில் கதாநாயகியின் தகப்பனார், ஃப்ராங்க் காப்ரா எடுத்த 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' படத்தில் நிருபர், விமானிகளைப் பற்றிய 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹாவ் விங்ஸ்' படத்தில் பார்வை மங்கிவரும் நண்பர், 'ஹன்ச்பேக் ஆஃப் நோத்ர தாம்' படத்தில் பிச்சைக்காரர்களின் ராஜா. ஐந்தையும் பல வருஷங்களில், முன்பின்னான வரிசையில் நான் பார்த்தேன். ஒன்றில் பார்த்த ஆளை இன்னொன்றில் அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. ஒப்பனை பெரிதாய் ஒன்றும் இல்லை. நடையும் தோளும் பேச்சின் தாளமும் மாறியிருந்தன, அவ்வளவுதான். கேபிள் எந்தப் படத்திலும் கேபிள்தான். அது அவருடைய பெருமை, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். மிச்சலுக்கோ எந்தப் படத்திலும் மிச்சலாக இல்லாமல் இருப்பதற்குச் சம்பளம்.

படிப்புக்காகச் சென்னைக்கு வந்த பிறகு என் பித்து முற்றியது. மவுண்ட் ரோடு பக்கம் காஸினோ, நியூ எல்பின்ஸ்டன், ஜார்ஜ் டவுனில் மினர்வா என்று எங்கே பார்த்தாலும் இங்கிலீஷ் படம். பழைய படங்களைக் காலைக் காட்சியாகவும் போடுவார்கள். கையில் உள்ள காசில் படம் போக மிஞ்சியது மூர் மார்க்கெட்டில் செலவாயிற்று. அங்கே பழைய புத்தகக் கடைகளில் 'போட்டோப்ளே', 'பிக்சர்கோயர்' முதலிய பத்திரிகைகள், அட்டை கிழிந்தும் நடுப்பக்கம் காணாமலும் குவிந்து கிடக்கும். நடுப்பக்கத்தில் பெரிய நட்சத்திரங்களின் வர்ணப் படம் இருந்திருக்கும். அதை யாரோ முன்பே கிழித்துக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கு அதனால் நஷ்டம் இல்லை. நான் தேடுகிற ஆசாமிகள் கடைசிப் பக்கங்களில், பல்பொடி விளம்பரத்துக்குப் பக்கத்தில் தபால்தலை அளவில்தான் இருப்பார்கள். கடைக்காரர் ஒருநாள், "தம்பி, எல்லாரும் பெட்டி கிரேபிள் இருக்கா, ரீட்டா ஹேவொர்த் இருக்கான்னு கேக்கறாங்க, நீ மட்டும் யாரோ கெழவங்களையே கேக்கறியே" என்று அங்கலாய்த்துக்கொண்டார். பேரம் பேசுகையில் அந்தக் கிழவர்களின் மதிப்பு மிகக் குறைவு என்பதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தத் தவறவில்லை.

அந்தக் கிழவர்களில் தலையாயவர் ஸிட்னி கிரீன்ஸ்ட்ரீட். 'மால்டீஸ் ஃபால்கன்' வந்த 1941-இல் அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதுதான் அவருக்கு முதல் படம். அதுவரைக்கும் நாடக மேடையிலேயே ஆயுளைக் கழித்தவர். மலைபோன்ற சரீரம், அதைக் காமிரா கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கையில் கோட்டுப் பொத்தான்கள் கோபுரத்துக் கலசம்போல் உயரத்தில் தெரியும். பல வருஷமாய்த் தேடியலைந்த பொற்பறவையின் பதுமை கடைசியில் மேஜைமேல் வந்து நிற்கிறது. கிரீன்ஸ்ட்ரீட் ஒரு பேனாக்கத்தியை எடுத்து அதன் கறுப்புப் பூச்சைச் சுரண்டுகிறார். முதலில் நாஸுக்காக, பிறகு வேகமாக, பிறகு குத்திக் குதறுவதுபோல. உள்ளே இருப்பது ஈயம். அந்தப் பெரிய கழுத்து ஒரு கணம் விறைத்து நிற்கிறது. கை சட்டைக் காலரை நெகிழ்த்திவிடுகிறது. உடனே மனிதர் சமாளித்துக்கொண்டு, சரி, மறுபடியும் தேடப் புறப்பட வேண்டியதுதான் என்கிற பாவனையில் உற்சாகமாகிவிடுகிறார்! பக்கத்திலே பீட்டர் லோரி குழந்தைபோல் விசும்பி அழுகிறார். ஹம்ப்ரி போகார்ட் இதையெல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நாமும் போகார்ட்டோடு சேர்ந்து பார்க்கிறோம். போகார்ட்டைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அன்று. பிறர் நடிப்பதைக் கவனித்துக்கொண்டு சும்மா நிற்கத் தெரிந்த நாயகர் அவரைப்போல் நாலு பேர் இருந்தால் அதிகம்.

கிரீன்ஸ்ட்ரீட்டின் பூர்வகதையைப் படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கிலாந்தில் கெண்ட் ஜில்லாவில் பிறந்த அவர், இளம் பிராயத்தில் அதிர்ஷ்டத்தைத் தேடி இலங்கைக்குத் தேயிலைத் தோட்டம் போட வந்தவராம். மழை பொய்த்துத் தொழில் நொடித்துப்போய் ஊர் திரும்பி, அப்புறந்தான் நாடகத்தில் சேர்ந்திருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டம் என்றால் அங்கே கொழுந்து பறித்தவர்கள் யார்? எங்கள் மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து போனவர்கள்தாமே! தோட்டத்துத் துரை நாலு தமிழ் வார்த்தையாவது தெரிந்துகொள்ளாமல் அங்கே ஒருநாள் தள்ள முடியாது. கங்காணியை அழைக்கவும் கூலியைத் திட்டவும் அவர் கற்றிருக்கக்கூடிய அந்த நாலு வார்த்தைகளை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் இவ்வளவு கம்பீரமாக இங்கிலீஷ் பேசுகிறார் என்று நானாகவே கற்பனை செய்துகொண்டு, அதன் பிறகு அவர் படங்களைத் தனி உரிமையோடு பார்த்தேன். அவரும் லோரியும் ஜோடியாக ஒன்பது படங்களில் நடித்திருக்கிறார்கள். ஒருவர் மலை, ஒருவர் மடு. லோரி ஹங்கேரிக்காரர். ஜெர்மனியில் புகழ்பெற்று, ஹிட்லர் வந்ததும் ஓடிவந்தவர். 1934-இல் ஹிட்ச்காக்கின் படத்தில் நடித்தபோது இங்கிலீஷ் வராமல் வசனங்களை ஒலியாகவே உருப்போட்டு ஒப்பித்தார் என்பார்கள். கூட்டெழுத்துப் புரியாத சுலோகத்தை அட்சர சுத்தமாய் ஒப்பிக்கிற பிள்ளைகளைப் பார்த்த நமக்கு அது ஒரு ஆச்சரியமா?

'காஸபிளாங்கா' மதுரைக்கு வந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். சென்னைக்குப் புறப்படுவதற்கு முந்திய காலம் அது. எங்கள் தெருவில் ரங்கூன்காரர் என்று ஒருவர் குடியிருந்தார். ரங்கூனில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கப்பலில் இடம் கிடைக்காமல் காடும் மலையுமாய் நடந்தே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர். அதைப் பற்றி யார் கேட்டாலும் பேசமாட்டார். சித்தப்பா எப்படியோ அவரையும் படத்துக்கு அழைத்து வந்துவிட்டார். போகார்ட், இங்க்ரிட் பெர்க்மன் ஆகியோரின் காதலில் அந்த மனிதருக்கு எள்ளளவும் சிரத்தை ஏற்படவில்லை. ஆனால் ஹோட்டலில் மேஜைக்கு மேஜை ஜனங்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு, நகையை விற்று, விலை பேசி, ஊரைவிட்டுப் போக ஒரு சீட்டுக் கிடைக்காதா என்று தவிக்கிற காட்சிகளில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "தம்பி, அந்த நகையை விற்கிறாளே, பார், அவள் சொல்லுகிற விலையைக் கேட்டு அவன் உதட்டைப் பிதுக்குகிறானே, அதேதான். எனக்கும் அப்படித்தான் பிதுக்கினான்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அவர் தம் பிரயாணத்தைப் பற்றி எங்களிடம் பேசியது அதுவே முதல் தடவை. படம் முடிந்து வீடுவரை பேசிக்கொண்டே வந்தார்.

அவர் கண்டது வெறும் நடிப்பு அன்று என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. 1942-இல் வார்னர் சகோதரர்களின் ஸ்டூடியோவில் அந்தப் படம் எடுக்கப்பட்டபோது, சிறு சிறு வேஷங்களில் நடித்தவர்களில் மிகப் பலர் ஐரோப்பாவிலிருந்து உயிர் தப்பி வந்த அகதிகள். கன்னம் தொங்கும் வெயிட்டராக வந்து எல்லோரையும் சிரிக்க வைக்கிற எஸ். இஸட். ஸகால் புடாபெஸ்ட் நகரத்து யூதர்; அவருடைய சகோதரிகள் நாஜி முகாம்களில் மாண்டார்கள். சூதாட்ட மேஜையில் சக்கரம் சுழற்றுகிற மார்செல் டாலியோ, பிரான்சில் ழான் ரெனுவாரின் படங்களில் முக்கிய வேஷம் தாங்கியவர். அவர் முகத்தையே யூத முகத்துக்கு மாதிரியாகச் சுவரொட்டியில் அச்சிட்டு நாஜிகள் ஒட்டினார்கள். அப்படிப்பட்டவருக்கு இந்தப் படத்தில் பேசக் கிடைத்தது சில வரிகள். நாஜி மேஜராக வருகிற கான்ராட் வைட், யூத மனைவியோடு 1933-இலேயே ஜெர்மனியைத் துறந்தவர். எந்தக் கூட்டத்தை வெறுத்து வெளியேறினாரோ அந்தக் கூட்டத்தின் உடுப்பை மாட்டிக்கொண்டு நடிப்பதே ஹாலிவுட்டில் அவருக்குப் பிழைப்பாயிற்று. ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டைப் பாட, பிரெஞ்சு தேசிய கீதத்தைப் பாடி ஹோட்டலில் உள்ளவர்கள் அதை அமுக்குகிற காட்சியில் கண்ணீர் விட்டுப் பாடுகிற மடலின் லெபோ என்ற இளம் பெண், டாலியோவின் மனைவி. கணவரோடு லிஸ்பன் வழியாகத் தப்பி வந்தவள். அந்தக் கண்ணீரைக் கிளிசரின் என்று சொல்ல எவனுக்கும் மனசு வராது. போகார்ட் நியூயார்க்கில் பிறந்தவர்; அவர் அந்தக் காட்சியில் தலையை ஒரு தரம் அசைக்கிறார். அவர் வேலை அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் அகதிகள் பார்த்துக்கொள்கிறார்கள்.

'கான் வித் த விண்ட்' படத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடுகிற அதில் விவியன் லீயின் அழகையும் அட்லாண்டா பற்றியெரிவதையும் பார்த்துப் பிரமித்துப் போனவர்களோடு எனக்கு விவாதம் இல்லை. எனக்கு அந்தப் படம் என்றால் ஒரு மாடிப்படிதான். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில், துக்கத்தால் புத்தி பேதலித்துக் கிடக்கிற எஜமானரின் நிலையை, வந்திருக்கும் உறவுக்காரி மெலனியிடம் சொல்லிக்கொண்டே படி ஏறுகிறாள் கறுப்பினத்துச் செவிலி. ஏறுவதும் விசும்புவதும் மூச்சு வாங்குவதும் பேசுவதும் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு போகும். அதில் நடித்த ஹாட்டி மெக்டானியலுக்கு ஆஸ்கார் கிடைத்தது. கறுப்பினத்தவர் ஒருவர் அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. ஆனால் 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் படத்தின் முதற்காட்சி கோலாகலமாக நடந்தபோது அவர் அங்கே போக முடியவில்லை. வெள்ளையரோடு சரிசமமாய் உட்கார அந்த ராஜ்யத்தில் இடமில்லை. பரிசு வழங்கிய லாஸ் ஏஞ்சல்ஸ் ஹோட்டல் விருந்திலும் சக நடிகர்களை விட்டு விலக்கித் தனி மேஜையில்தான் அவரை உட்கார வைத்தார்கள். இதைப் படித்து நான் கொதித்துப் போய்ச் சித்தப்பாவிடம் சொன்னபோது, "அதே வருஷம் ஜூலையில்தானடா நம் ஊரில் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களை மீனாக்ஷி கோயிலுக்குள் அழைத்துக்கொண்டு போனார். அதுவரைக்கும் யார் எங்கே நின்றார்கள் என்பது உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குக் கொதிப்பு தணியவில்லை. கோபப்பட வேண்டிய இடங்கள்தாம் இரண்டாயின. மெக்டானியல் அநேகமாக எல்லாப் படங்களிலும் வேலைக்காரியாகவே நடித்தார். அதற்காக அவர் இனத்தவரிலேயே சிலர் அவரைக் குறை கூறியதும் உண்டு. அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்த மாடிப்படியை நினைத்தால் குறை சொல்ல நா எழுவதில்லை.

இத்தனை முகங்கள் அந்த ஊரில் எப்படிச் சேர்ந்தன என்று யோசித்தால், சித்தப்பாவின் பாய்ஸ் கம்பெனி உபமானம் தவிர வேறு பொருத்தமான உபமானம் எனக்குத் தோன்றுவதில்லை. எம்.ஜி.எம்., பாரமவுண்ட், வார்னர், ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. முதலிய ஸ்தாபனங்கள் நடிகர்களை ஏழு வருஷ ஒப்பந்தத்தில் வாரச் சம்பளத்துக்குக் கட்டிப்போட்டிருந்தன. ஆண்டுக்கு ஹாலிவுட் முழுவதிலும் சுமார் 500 படங்கள் வெளியான காலம். சம்பளம் கொடுத்துச் சும்மா உட்கார வைப்பானா முதலாளி? திங்கட்கிழமை நீதிபதி வேஷம், வியாழக்கிழமை பாங்கிக்காரர் வேஷம் என்று ஆடி ஆடியே அவர்களுக்குத் தொழில் கைவந்துவிட்டது. பெரிய நட்சத்திரங்கள் அந்த ஒப்பந்தத்தை விலங்கு என்று நொந்துகொண்டார்கள். அவர்களுக்கு அது விலங்குதான். சிறு நடிகர்களுக்கோ அது அடுப்பு எரிவதற்கான உத்தரவாதம். 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படம் எடுக்கிற கம்பெனிகளே தியேட்டர்களையும் வைத்திருப்பது கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. டெலிவிஷனும் வந்து சேர்ந்தது. படங்களின் தொகை குறையவே, கம்பெனிகள் முதலில் கலைத்தது இந்தக் கூட்டத்தைத்தான். தீர்ப்பு நியாயமானது என்றுதான் சட்டம் படித்த என் நண்பர் சொல்கிறார். இருக்கலாம். ஐம்பதுகளுக்குப் பின் வந்த படங்களில் வர்ணம் கூடியது, திரை அகன்றது. அகன்ற திரையின் ஓரங்களில் நிற்பதற்குத்தான் தகுந்த ஆள் அகப்படவில்லை.

அம்மா வேஷத்துக்கு என்று ஒருவர் இருந்தார், பியூலா பாண்டி. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு மட்டும் நான்கு படங்களில் தாயார். 1937-இல் வந்த 'மேக் வே ஃபார் டுமாரோ' படத்தில் பிள்ளைகளால் கைவிடப்பட்ட எழுபது வயதுக் கிழவியாக அவர் நடித்தபோது அவருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. கல்யாணமே செய்துகொள்ளாதவர்! வீடு கடனில் முழுகி, கிழவனை ஒரு பிள்ளையும் கிழவியை ஒரு பிள்ளையுமாகப் பங்கிட்டுக்கொள்கிற அந்தக் கதையை நம் ஊரிலே இன்றைக்கும் அப்படியே எடுக்கலாம். மருமகள் வீட்டில் சீட்டாட்டக் கூட்டம் கூடியிருக்கையில் கிழவிக்கு டெலிபோன் வருகிறது. கருவியைப் பழகாதவள் ஆதலால் உரக்கக் கத்திக் கணவரோடு பேசுகிறாள். சீட்டாடுகிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு ஒவ்வொருவராகக் குனிந்துகொள்கிறார்கள். அவள் பேச்சில் ஒரு முறையீடு கிடையாது. குளிரில் வெளியே போகிறபோது கழுத்தை மூடிக்கொள்ளும்படி கிழவனுக்குச் சொல்கிறாள், அவ்வளவுதான். இந்தப் படத்தை இரண்டாம் முறை பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

சித்தப்பாவுக்கும் எனக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. துணை நடிகர்களில் சக்கரவர்த்தி தாமஸ் மிச்சல் என்பது அவர் கட்சி. கிளாட் ரெயின்ஸ் என்பது என் கட்சி. முதல் மகாயுத்தத்தில் விஷவாயுவினால் ஒரு கண்ணின் பார்வையை ஏறக்குறைய இழந்தவர் ரெயின்ஸ். லண்டனில் நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர். 1933-இல் 'இன்விஸிபிள் மான்' படத்தில் கடைசிக் கணம்வரை முகத்தையே காட்டாமல், குரல் ஒன்றைக்கொண்டு ஜனங்களை நடுங்க வைத்தவர். 'காஸபிளாங்கா'வில் லஞ்சம் வாங்கும் போலீஸ் தலைவராக வந்து, இந்த ஹோட்டலில் சூதாட்டமா என்று அதிர்ந்து போனவர்போல் விடுதியை மூட உத்தரவிடுகிறபோது, அவர் ஜெயித்த பணத்தைச் சிப்பந்தி கொண்டுவந்து நீட்டுவான். வாங்கிக்கொண்டு மெல்ல நன்றி கூறிவிட்டு மேலே உத்தரவு போடுவார். வெட்கம் என்பதை அறியாத மனிதனிடம்கூட நமக்குப் பிரியம் உண்டாக்கிவிடுகிற சாமர்த்தியம் அது. ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' படத்திலோ அவர்தான் வில்லன். மனைவிக்கு விஷம் வைக்கிறவன். ஆனாலும் முடிவில் காரி கிராண்ட் அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக மாடியிலிருந்து இறக்கிக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட, தன் கூட்டாளிகள் காத்திருக்கிற வீட்டுக்குள் தனியே திரும்பிப் போகிற ரெயின்ஸைப் பார்த்தால் நமக்குப் பரிதாபம் அவர்மேல்தான் ஏற்படுகிறது. நான்கு தடவை ஆஸ்காருக்கு அவரைப் பரிந்துரை செய்தார்கள். ஒரு தடவையும் கொடுக்கவில்லை. "கொடுக்கவில்லை அல்லவா, அதைச் சொல்லு" என்பார் சித்தப்பா. வால்ட்டர் பிரென்னனுக்கு மூன்று கொடுத்தவர்களின் தராசை வைத்து எதையும் நிறுக்க முடியாது என்பேன் நான்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னவள் சித்தி. இங்கிலீஷ் படம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அவள், ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்கு வந்திருந்தபோது எங்கள் தொந்தரவு தாங்காமல் 'ரியர் விண்டோ' பார்க்க வந்தாள். காலை உடைத்துக்கொண்டு ஜன்னலருகில் உட்கார்ந்திருக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும், தினம் ஒரு புதுப் பட்டாடையில் வருகிற கிரேஸ் கெல்லியும் அவளை அசைக்கவில்லை. அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பது தப்பு என்று வந்தவுடனே கண்டிக்கிற, முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி நச்சரிக்கிற, கண்டித்த வாயோடு அப்புறம் தானே எட்டிப் பார்க்கவும் தொடங்குகிற நடுத்தர வயது நர்ஸைத்தான் படம் முழுவதும் ரசித்துச் சிரித்தாள். "அந்த வீட்டில் புத்தி உள்ளவள் அவள் ஒருத்திதான். உங்கள் மிச்சலும் வேண்டாம், ரெயின்ஸும் வேண்டாம்" என்றாள். அந்த நடிகை தெல்மா ரிட்டர் என்றும், 1950 முதல் தொடர்ந்து நான்கு ஆண்டுப் படங்களுக்காக நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டும் பரிசு பெறாதவர் என்றும் நான் விவரம் கூறினேன். பின்னாளில் இன்னும் இரண்டு முறை பரிந்துரைத்து, இரண்டு முறையும் கொடுக்காமல் விட்டார்கள். சித்திக்கு அந்தக் கணக்கெல்லாம் காதில் ஏறவில்லை. ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கிறதே, அதற்குள் இந்த அம்மாள் நடித்த வேறு படம் எங்கேயாவது ஓடுகிறதா என்று 'ஹிந்து'வைப் பார்த்துச் சொல் என்றாள்.